இசை நடக்கும் அறையில் உண்பதும் குடிப்பதும்

நூறு பேர் அமர்ந்தாலே நிறைந்துவிடும் ஓர் அறையில், கலைஞர்கள் ஏறத்தாழ கைக்கெட்டும் தூரத்தில் வாசித்துக்கொண்டிருக்கும்போது, கேட்பவர்களின் மேசையில் உணவும் மதுவும் இருப்பதை இசைக்குச் செய்யும் அவமரியாதையாகக் கருதுபவர்கள் பலர். எனக்கு அதில் உடன்பாடில்லை. இத்தகைய சிறிய இடங்களில் இசை நடக்க முடிவதே பெரும்பாலும் அந்த மேசையில் விற்பனையாகும் பானங்களால்தான். ஆனால் எந்த நேரத்தில், எவ்வளவு ஓசையுடன் பரிமாறுகிறார்கள் என்பதைப் பார்த்த பிறகே அந்த இடத்தைப் பற்றி ஒரு முடிவுக்கு வருகிறேன்; மேடையின் ஒலியமைப்பைக்கூட அதற்குப் பிறகுதான் கவனிக்கிறேன்.

இருக்கைகள் குறைவாக இருப்பதால், நுழைவுச்சீட்டு வருமானத்தை மட்டும் நம்பிக் கலைஞர்களுக்கு ஊதியமும் கட்டடத்துக்கு வாடகையும் கொடுப்பது கடினம். இதனால்தான் பல இடங்களில் நுழைவுக் கட்டணத்தோடு, ஆளுக்கு இவ்வளவாவது வாங்கியாக வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. மது அருந்தாதவர்கள் இதைக் கண்டு தயங்கத் தேவையில்லை. பழச்சாறோ சோடாவோ காபியோ பொதுவாக அந்தக் கணக்கில் சேர்ந்துவிடும். நியூயார்க்கில் மேக்ஸ் கார்டன் தொடங்கிய வில்லேஜ் வேன்கார்ட் என்ற ஜாஸ் கிளப், 1935 முதல் ஒரே நிலவறையில் நடந்துவருகிறது. அங்கே பானம் மட்டுமே கிடைக்கும். ஒருகாலத்தில் சமையலறையாக இருந்த இடம் இசைக்கலைஞர்கள் உடைமாற்றவும் இளைப்பாறவும் பயன்படும் அறையாகிவிட்டது. 1959இல் லண்டனில் தொடங்கப்பட்டு, 1965இல் ஃபிரித் தெருவுக்கு இடம்பெயர்ந்த ரோனி ஸ்காட்ஸ் கிளப்பிலோ முழு உணவும் உண்டு. இரண்டுமே பெயர்பெற்று நிலைத்திருப்பதால், சமையலறை இருப்பதோ இல்லாததோ இதில் எதையும் தீர்மானிப்பதில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

பரிமாறுவதை எப்போது நிறுத்த வேண்டும் என்பதை நன்கு அறிந்திருந்தவர் பார்னி ஜோசப்சன். அவர் 1938இல் நியூயார்க்கில் திறந்த கஃபே சொசைட்டி என்ற இரவு விடுதியில், கறுப்பினத்தவர் மீதான கும்பல் கொலைகளைப் பற்றிய ‘ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்’ பாடலை 1939இல் பாடகி பில்லி ஹாலிடே பாடத் தொடங்கினார். அந்தப் பாடலுக்கு முன் பணியாளர்கள் பரிமாறுவதை அறவே நிறுத்திவிட வேண்டும், அறையின் விளக்குகள் அணைக்கப்பட வேண்டும், பாடகியின் முகத்தில் மட்டும் ஒளி விழ வேண்டும் என்று ஜோசப்சன் ஏற்பாடு செய்திருந்தார். கையில் தட்டுடன் ஒருவர் குறுக்கே நடந்தால் அந்தப் பாடல் என்னவாகும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எல்லாப் பாடலுக்கும் இது பொருந்தாது. பொருந்தும் பாடல் எது என்று உணரும் நிர்வாகியைத்தான் நான் தேடுகிறேன்.

அப்படி யாரும் தடுக்காதபோது என்ன நடக்கும் என்பதற்கு ஒலிப்பதிவே சாட்சியாக இருக்கிறது. 1961 ஜூன் 25 அன்று வில்லேஜ் வேன்கார்டில் பியானோ கலைஞர் பில் எவன்ஸின் மூவர் குழு வாசித்தபோது, மேசைகளில் கண்ணாடிக் குவளைகள் உரசும் ஒலியும் பேச்சொலியும் இசையோடு சேர்ந்து பதிவாகிவிட்டன. அந்த இரைச்சலே பதிவுக்கு உயிரூட்டுகிறது என்பார்கள் ரசிகர்கள். குவளையின் கிணுகிணுப்பைப் பொறுத்தவரை நானும் ஒப்புக்கொள்வேன். ஆனால் அந்தக் குழுவில் பேஸ் என்ற, கனத்த ஒலியுடைய பெரிய தந்தி வாத்தியத்தை வாசித்த ஸ்காட் லஃபாரோ அடுத்த 11 நாட்களில் ஒரு கார் விபத்தில் இறந்துபோனார் என்பதை அறிந்தபின், அவருடைய தனி வாசிப்புக்கு நடுவே எழும் பேச்சொலியை என்னால் ரசிக்க முடிவதில்லை. (பேஸ் தனியாக வாசிக்கத் தொடங்கினால் அறை முழுவதும் வாய் திறக்கும் என்பது ஜாஸ் கலைஞர்களிடையே பழைய வேடிக்கை.) இன்னொரு பேஸ் கலைஞரான சார்லஸ் மிங்கஸ் 1960இல், பார்வையாளர் எவருமே இல்லாத ஒலிப்பதிவுக் கூடத்தில் நின்றுகொண்டு, கற்பனைக் கூட்டத்தைப் பார்த்து, குவளையில் ஐஸை ஆட்டாதீர்கள், கல்லாப்பெட்டியை ஒலிக்கவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார், கிளப்புகளில் அவர் பட்ட பாட்டை அதிலிருந்தே ஊகிக்கலாம்.

ஐஸ் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். மது கலக்கும் இடம் மேடைக்கு அருகில் இருந்தால், காக்டெயிலைக் குலுக்கும் ஓசை ஒரு தாளவாத்தியம் போலவே கேட்கும், அதுவும் தாளத்தோடு ஒட்டாமல். தேர்ந்த பணியாளர்கள் பாட்டு முடிந்து கைதட்டல் எழும்வரை காத்திருந்து, அந்தச் சத்தத்துக்குள் குலுக்கி முடித்துவிடுகிறார்கள். காபி இயந்திரத்தின் நீராவியும் மிக்சியும் அதைவிட மோசம். ஆகவே வாசிப்பு நடக்கும்போது எதுவும் தேவைப்பட்டால், நேரடியாகக் குவளையில் ஊற்றித் தரக்கூடிய ஒயினையோ பியரையோ கேட்பது நல்லது. உணவிலும் அப்படியே: கத்தியால் அறுக்க வேண்டியதையும் கடித்தால் நொறுங்குவதையும் முன்னதாகவே முடித்துவிட வேண்டும். கதவு திறந்ததும் போய்ச் சேர்ந்து, முதல் செட் (ஒரு சுற்று வாசிப்பு) தொடங்குமுன் சாப்பாட்டை முடித்துக்கொண்டால் சமையலறைக்கும் நெருக்கடி குறையும், தட்டும் மேசையை விட்டுப் போய்விடும்.

ஒலிபெருக்கி வழியே உரத்து வாசிக்கும் இடங்களில் வேறொரு சிக்கல் உண்டு. பேரிரைச்சலில் நாக்குக்கு இனிப்பு மங்குவதாகவும், உமாமி எனப்படும், காளானிலும் இறைச்சியிலும் உள்ளதைப் போன்ற சுவை தூக்கலாகத் தெரிவதாகவும் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் காட்டினார்கள். பிரான்சின் மதுக்கூடங்களில் நடத்தப்பட்டு 2008இல் வெளியான ஆய்வு ஒன்றில், இசையின் அளவை 72 டெசிபலிலிருந்து 88 டெசிபலுக்கு உயர்த்தியபோது, ஒரு குவளை பியரை முடிக்க வாடிக்கையாளர்கள் எடுத்துக்கொண்ட நேரம் ஏறத்தாழ பதினான்கரை நிமிடத்திலிருந்து பதினொன்றரை நிமிடமாகக் குறைந்தது. உரத்த இசை நடக்கும் இரவில் இரண்டாவது குவளையைக் கேட்குமுன் ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கும் பழக்கம் எனக்கு அந்த ஆய்வைப் படித்தபின் வந்தது.

அமெரிக்காவின் நாஷ்வில்லில் 1982 முதல் இயங்கிவரும் புளூபேர்ட் கஃபேயில் இருக்கைகள் 90 மட்டுமே. பாடல் எழுதியவர்களே அறையின் நடுவில் வட்டமாக அமர்ந்து பாடுவார்கள், பேசுபவர்களை ‘உஷ்’ என்று அடக்குவதையே அந்த இடம் தன் அடையாளமாக்கிக்கொண்டுவிட்டது. உணவும் பானமும் அங்கேயும் உண்டு.

எனக்குத் தீராத மனக்குறை பில் கட்டும் விஷயத்தில்தான். அடுத்த செட்டுக்கு ஆட்களை உள்ளே விட வேண்டிய அவசரத்தில், கடைசிப் பாட்டின் நடுவே, மிக மென்மையான இடத்தில், பணியாளர் குனிந்து காதருகே தொகையைச் சொல்வார். பக்கத்து மேசையில் நான்கு பேர் கைப்பேசி வெளிச்சத்தில் பங்கு பிரிக்கத் தொடங்குவார்கள். அட்டை இயந்திரம் கீச்சிடும். ஆகவே கடைசிப் பாட்டுக்கு வெகு முன்பே, இரு பாட்டுகளுக்கு இடையில் கலைஞர் சுருதி சரிபார்க்கும் நேரத்தில், நானே பில்லைக் கேட்டு வாங்கிக் கட்டிவிடுகிறேன். அதன்பின் தாகம் எடுத்தால் தண்ணீர்தான்.