பயந்து சொன்ன சரி

கல்யாணம் பண்ணப் போகிறவர்களுக்கு எங்கள் கத்தோலிக்கக் கோவிலில் நடத்தும் கல்யாண வகுப்பை யார் எடுப்பது என்று பங்குப் பேரவையில் பேச்சு வந்தபோது, குடும்பஸ்தர்கள்தான் எடுக்க வேண்டும் என்று அழுத்திச் சொன்னவன் நான். மாமியார் சண்டை, சம்பளக் கவர், ராத்திரியில் அழும் பிள்ளை எல்லாம் சாமியாருக்குக் கேள்விப்பட்ட விஷயம், எங்களுக்கு அன்றாடம். 2022இல் வத்திக்கான் வெளியிட்ட வழிகாட்டியும் தம்பதிகள் குருவோடு சேர்ந்து இந்தப் பொறுப்பை ஏற்க வேண்டும் என்கிறது. சாமியாரும் சரி என்றார். நானும் என் மனைவியும் எடுக்க ஆரம்பித்தோம்.

2024 பிப்ரவரியில் இங்கே மியான்மரில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்தார்கள். பெண்களில் 18 முதல் 27 வயதுவரை உள்ளவர்களுக்கு அது பொருந்தும், கல்யாணமானவர்களுக்கு மட்டும் விலக்கு. பெண்களை இப்போதைக்குக் கூப்பிட மாட்டோம் என்றார்கள். பெற்றவள் அதை நம்பி உட்கார்ந்திருப்பாளா?

அந்த மழைக்காலத்தில்தான் அவள் வந்தாள். வயது 22. கடைசி வகுப்பு முடிந்து, மாப்பிள்ளை டாக்சி பார்க்கக் கீழே போயிருந்தார். கரண்ட் இல்லை. என் மனைவி உள்ளே டீ கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தாள். சார்ஜ் லைட் வெளிச்சத்தில் அந்தப் பெண் ஞானஸ்நான சர்டிபிகேட்டின் மூலையைச் சுருட்டுவதும் நீவி விடுவதுமாக இருந்தாள்.

“மாமா, பயத்துல சரின்னு சொன்னா அதுவும் சரிதானா?”

“கல்யாணத்துக்கு முன்னாடி எல்லாருக்கும் பயம் இருக்கும்மா. உங்க அத்தை முதல் வாரம் முழுக்க அழுதா. அப்புறம் சரியாப் போச்சு.”

“சரி மாமா.” சர்டிபிகேட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது. அவள் கல்யாணத்துக்குப் பயப்படவில்லை. ராணுவ லிஸ்டில் மகள் பேர் வந்துவிடுமோ என்று அவள் அம்மாவுக்கு இருந்த பயத்தைத்தான் சொல்லியிருக்கிறாள். வெளியிலிருந்து வந்த பெரும் பயத்துக்கு, கல்யாணத்தைத் தவிர வேறு வழி இல்லாமல் சொன்ன சம்மதம் செல்லாது. யாரும் வேண்டுமென்று பயமுறுத்தாவிட்டாலும் செல்லாது. திருச்சபைச் சட்டம் 1103. இரண்டாவது வகுப்பில் நானே சொல்லிக்கொடுத்தது.

சாமியார் எடுத்திருந்தால் பிடித்திருப்பாரா? அவரும் ஓலை, அதாவது பூசையில் கல்யாண அறிவிப்பு, வாசிக்கும் முன்பு இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, சுதந்திரமாகத்தான் சம்மதிக்கிறாயா என்று கேட்டார். ஆமாம் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாள். அவரிடம் சொல்லாததை என்னிடம் கேட்டாள். குடும்பஸ்தன் என்பதால்தான் கேட்டாள். குடும்பஸ்தன் என்பதால்தான் நானும் அவள் கேள்வியில் என் வீட்டுக் கதையைக் கேட்டுவிட்டேன்.

சாமியாரிடம் போய்ச் சொல்லவா என்று மூன்று நாள் யோசித்தேன். நம்பிக் கேட்ட பெண். முதல் ஓலையும் வாசித்தாகிவிட்டது. அதோடு, என் சொந்த மகளாக இருந்திருந்தால் நானே அவசரப்படுத்தியிருக்க மாட்டேனா? அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடைசியில் மனைவியிடம்தான் சொன்னேன்.

“நான் பத்தடியிலதானே இருந்தேன். ஏன் என்னைக் கூப்பிடல?” என்றாள். அதற்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை.

தம்பதிகள்தான் எடுக்க வேண்டும் என்று இப்போதும் சொல்கிறேன். கடைசி வகுப்பன்று பெண்ணோடு என் மனைவி உட்காருகிறாள், நான் மாப்பிள்ளையோடு கீழே இறங்கிவிடுகிறேன்.

அந்தப் பெண் ஞாயிறு பூசைக்கு வருகிறாள். நல்லா இருக்கியாம்மா என்று கேட்டால், இருக்கேன் மாமா என்கிறாள். கல்யாணமான பெண்ணிடம் அதற்கு மேல் எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.