அம்மாவின் வயிறும் என் உள்ளங்கையும்

அம்மாவுக்குப் பார்க்கின்சன் நோய் வந்த ஆறாவது ஆண்டில், கை நடுக்கத்தைவிட மலச்சிக்கலே வீட்டில் பெரிய கவலையாகிவிட்டது. குடலை அசைக்கும் நரம்புகளையும் அந்நோய் மந்தப்படுத்துவதால், நான்கு நாள், ஐந்து நாள் என்று தள்ளிப்போகும். இனிமா கொடுக்கும் நாளில் அம்மா யாருடனும் பேச மாட்டார். நடைப்பயிற்சி கொடுக்க வந்துகொண்டிருந்த பிசியோதெரபிஸ்ட்தான், வயிற்றை நீவிவிடும் முறையை எனக்குக் கற்றுக்கொடுத்தார்.

மல்லாந்து படுக்கவைத்து முழங்காலுக்கு அடியில் தலையணை கொடுத்தால் வயிற்றுத் தசை தளரும். வலது அடிவயிற்றில் தொடங்கி விலா எலும்பு வரை மேலே, அங்கிருந்து குறுக்காக இடப்பக்கம், பிறகு இடுப்பெலும்பை நோக்கிக் கீழே என, கடிகார முள் சுற்றும் திசையில் சுமார் 15 நிமிடம் நீவ வேண்டும். ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளமுள்ள பெருங்குடல் போகும் வழியே அதுதான். வயிற்றுக்குள் ஏதேனும் போனவுடன் பெருங்குடல் தானாகவே சற்று அசையும் என்பதால், காலையில் காபி குடித்து அரைமணி நேரம் கழித்து நீவத் தொடங்குவோம்.

முதல் வாரம் நான் அழுத்திப் பிசைந்தேன். "சப்பாத்தி மாவா பிசையிற?" என்று கேட்டுவிட்டு அம்மா வயிற்றைக் கல்லாக இறுக்கிக்கொண்டார். உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கி, கையின் எடையை மட்டும் வைத்து நீவப் பழகிய பிறகுதான், இடது அடிவயிற்றில் முறுக்கிய கயிறுபோல் தட்டுப்பட்ட இடம் மெல்ல இளகுவதும், கடமுடவென்ற சத்தம் கைக்கு அடியில் நகர்ந்து போவதும் எனக்குப் பிடிபட்டன.

ஸ்வீடனில் 60 பேரை வைத்து 8 வாரம் நடத்தி 2009-இல் வெளியிட்ட ஆய்வில், வயிற்றை நீவிவிடப்பட்டவர்களுக்கு மலச்சிக்கலும் வயிற்றுவலியும் குறைந்தன, மலம் கழிக்கும் தடவைகள் கூடின; ஆனால் மலமிளக்கியின் தேவை குறையவில்லை. எங்கள் வீட்டிலும் அப்படியேதான், லாக்டுலோஸ் என்ற மலமிளக்கி சிரப்பை இன்னும் நிறுத்த முடியவில்லை.

இதற்கிடையே உறவினர் ஒருவர் சொன்னாரென்று வேறொரு சிகிச்சையாளரிடமும் போனோம். அவர் விலாவுக்கு அடியில் விரலை நுழைத்து, கல்லீரல் ஒட்டிக்கொண்டிருப்பதாகவும் பத்து அமர்வுகளில் விடுவித்துவிடலாம் என்றும் சொன்னார். பிரான்சைச் சேர்ந்த ஆஸ்டியோபதி (உடலைக் கையால் அழுத்தியும் அசைத்தும் செய்யும் சிகிச்சை) நிபுணர் ழான் பியர் பாரல் பரப்பிய முறை அது. உள்ளுறுப்பு ஒவ்வொன்றுக்கும் ஓர் அசைவு உண்டு, அது தடைப்பட்டால் கையால் உணர்ந்து சரிசெய்யலாம் என்பது அதன் அடிப்படை. 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு, அப்படிக் கையால் கண்டறிவதும் சரிசெய்வதும் நம்பகமானவை என்பதற்குத் தக்க சான்று கிடைக்கவில்லை என்று முடிவுக்கு வந்தது. எங்கள் சிகிச்சையாளரிடம் எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டதற்கு "கைக்குத் தெரியும்" என்றார். நாங்கள் இரண்டாம் அமர்வுக்குப் போகவில்லை.

அவரைக் குறை சொல்லும்போது எங்கள் அப்பத்தாவை மட்டும் விட்டுவிட முடியாது. பிள்ளை சாப்பிடாமல் சுணங்கினால் குடலேற்றம் என்று விளக்கெண்ணெய் தடவித் தட்டிவிடுவார். சேலையில் கிடத்தி இருபுறமும் உருட்டுவதும் உண்டு. எண்ணெயும் இதமான கையும் ஆறுதல் தரும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் செருகிக்கொள்ளும் நோய் கைக்குழந்தைகளுக்கு வரும்: விட்டுவிட்டு அலறும், காலை வயிற்றோடு மடக்கும், பிறகு இரத்தமும் சளியுமாகப் போகும். அந்தக் குழந்தையை உருட்டிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் ஆபத்து. பெரியவர்களுக்கும் காய்ச்சல், வாந்தி, உப்பிய வயிறு, மலத்தில் இரத்தம், குடலிறக்கம், அண்மையில் நடந்த அறுவைச் சிகிச்சை ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால், மருத்துவரைக் கேட்காமல் வயிற்றில் கைவைக்கக் கூடாது.

பிசியோதெரபிஸ்ட் சொன்னதில் இன்னொன்றும் உண்டு. மேற்கத்தியக் கழிப்பறையில் உட்காரும்போது காலுக்கு அடியில் ஒரு மனை போட்டு, குத்தவைப்பதுபோல் முழங்காலை உயர்த்தச் சொன்னார். பலனில் பாதி அந்த மனையால் வந்தது என்று எனக்கு ஒரு சந்தேகம். அம்மாவிடம் சொல்லவில்லை, சொன்னால் காலையில் அந்த 15 நிமிடம் கதை பேசிக்கொண்டு படுத்திருக்க மாட்டார்.