உயரம் குறைக்கப்பட்ட ஹிமாலயன் பைக்கை என் உயரத்துக்கு மீட்ட அனுபவம்

தண்டையார்பேட்டையில் ஒருவரிடமிருந்து நான் வாங்கிய ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 பைக், அவருடைய உயரத்துக்காகத் தாழ்த்தப்பட்டிருந்தது. நானோ ஆறடிக்கு மேல். என்ஜின் நல்ல நிலையில் இருந்ததால், வண்டியை உயர்த்திவிடலாம் என்ற நம்பிக்கையோடுதான் வாங்கினேன். கம்பெனியிலிருந்து வரும்போது இதன் இருக்கை உயரம் 800 மில்லிமீட்டர், தரை இடைவெளி 220 மில்லிமீட்டர். என் கைக்கு வந்தபோது இரண்டுமே நன்றாகக் குறைந்திருந்தன. எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் உழுதுபோட்ட பள்ளங்களில் என்ஜினின் அடித்தகடு இடித்துக்கொண்டே வந்தது.

எங்கெங்கே கைவைத்திருக்கிறார்கள் என்று முதலில் பார்த்தோம். பின் ஷாக் அப்சார்பரின் இணைப்புத் தகடுகள் வேறு அளவில் மாற்றப்பட்டிருந்தன. முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாய்கள், அவற்றை ஹேண்டிலருகே பிடித்திருக்கும் மேல் தட்டுக்கு மேலே இரண்டு சென்டிமீட்டருக்கும் அதிகமாக நீட்டிக்கொண்டிருந்தன. சீட்டின் ஃபோம் செதுக்கப்பட்டு, சைடு ஸ்டாண்டு வெட்டி ஒட்டப்பட்டிருந்தது.

பின்பக்கத்தை மட்டும் இப்போதைக்கு உயர்த்திக்கொள்ளலாமா என்று மெக்கானிக் அண்ணனிடம் கேட்டேன். "பின்னால மட்டும் தூக்கினா ஹேண்டில் நிலையா நிக்காது தம்பி, ரெண்டையும் சேர்த்தே பண்ணணும்" என்றார். அவர் சொன்னதுதான் சரி. பின்பக்கம் மட்டும் உயர்ந்தால் ஃபோர்க்கின் சாய்வு குறைந்து, வேகத்தில் வண்டியை நேராகப் பிடித்துவைக்கும் தன்மையும் அதோடு குறைந்துவிடும். ஆகவே கம்பெனித் தகடுகளைப் பூட்டிய கையோடு, அடியில் ஜாக்கி வைத்து முன் சக்கரத்தைத் தூக்கி, ஃபோர்க் குழாய்களையும் கீழே இறக்கி முன்பக்கத்தை உயர்த்தினோம். பிடிப்பு போல்ட்டுகளை ஒரேயடியாகக் கழற்றாமல் சற்றே தளர்த்தி, குழாயைக் கையால் திருகித் திருகிக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டும். இருபக்கமும் ஒரே அளவில் நிற்கின்றனவா என்று வெர்னியர் அளவுகோல் வைத்துப் பார்த்த பிறகே இறுக்கினார். பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் ஒயரும் எங்கும் இழுபடவில்லை என்பதையும் உறுதிசெய்துகொண்டோம்.

வண்டி உயர்ந்தபின் வெட்டிய ஸ்டாண்டில் நிறுத்தினால் அளவுக்கு மீறிச் சாயும் என்பதால் அதையும் மாற்றியாக வேண்டும். பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் கோணம் மாறியதால் செயின் தொய்வையும் புதிதாகச் சரிசெய்தோம்.

உயரமானவர்கள் கவனிக்க வேண்டிய முக்கியமான செய்தி ஒன்று உண்டு. சஸ்பென்ஷனை உயர்த்தும்போது ஃபுட்ரெஸ்ட்டும் சேர்ந்தே உயர்வதால், தரை இடைவெளி கூடுமே தவிர முழங்கால் மடங்கும் கோணம் கொஞ்சமும் மாறாது. முழங்கால் வலி தீர, சீட்டுக்கும் ஃபுட்ரெஸ்ட்டுக்கும் இடையிலான தூரம்தான் கூட வேண்டும். ஃபுட்ரெஸ்ட்டை இறக்கினால் வளைவில் சீக்கிரமே தரையில் உரசும் என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை. பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு சீட் கடையில், செதுக்கிய ஃபோமை எடுத்துவிட்டு, ஃபோம் துண்டுகளை அழுத்தி ஒட்டிய கெட்டியான ரீபாண்டட் ஃபோமைக் கம்பெனி சீட்டைவிடவும் 30 மில்லிமீட்டர் உயரமாக வைத்தோம். ரெக்சின் தைப்பதற்கு முன்பே அதன்மேல் உட்கார்ந்து மணலி வரை ஓட்டிப் பார்க்க அந்தக் கடைக்காரர் ஒப்புக்கொண்டது பெரிய உதவி. முன்விளிம்பு தொடையை அழுத்துவது அந்த ஓட்டத்தில்தான் தெரிந்தது. அந்த இடத்தை மட்டும் சரித்துக் கொடுத்தார்.

சீட் உயர்ந்ததும் ஹேண்டில்பார் தாழ்வாகத் தோன்றவே, அதை உயர்த்தித் தாங்கும் ரைசர் ஒன்றைச் சேர்த்தோம். இதில் ஒரு சோதனையைத் தவிர்க்கவே கூடாது. வண்டியை நிறுத்திவைத்து, நியூட்ரலில் என்ஜினை மட்டும் ஓடவிட்டு, ஹேண்டிலை இரு கோடிக்கும் முழுவதுமாகத் திருப்ப வேண்டும். அப்போது என்ஜின் வேகம் தானாக ஏறினால் ஆக்சிலேட்டர் கேபிள் இழுபடுகிறது என்று பொருள், அப்படியே சாலையில் இறக்குவது ஆபத்து. எங்களுக்கு இடப்பக்கம் திருப்பும்போது லேசாக ஏறியது. கேபிள் போகும் வழியை மாற்றிப் பூட்டியதும் நின்றது.

கடைசியாக, ஹெட்லைட்டின் ஒளி எதிரே வருபவர் கண்ணில் படாதபடி சுவரில் அடித்துப் பார்த்துத் திருத்தினோம். சில நாள் ஓட்டியபின் இணைப்புத் தகடுகள், ஃபோர்க் பிடிப்புகள் ஆகியவற்றின் போல்ட்டுகளை இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரென்ச்சால் மீண்டும் சோதித்தபோது ஒன்று மட்டும் சற்று இளகியிருந்தது; அதையும் உரிய அளவுக்கு இறுக்கிவிட்டோம்.