கண்வலிக்கிழங்கை வீட்டில் அரைக்க வேண்டாம்

போன மாசியில் அப்பாவுக்கு வலது கால் பெருவிரல் திடீரென்று வீங்கிச் சிவந்து, போர்வை பட்டாலே துடிக்கிற அளவுக்கு வலி. ரத்தத்தில் யூரிக் அமிலம் ஏறியிருக்கிறது, கவுட் என்கிற மூட்டு வீக்கம் என்று சொல்லி தாராபுரத்தில் டாக்டர் எழுதிக்கொடுத்தது கோல்ச்சிசின், 0.5 மில்லிகிராம். பெயரைக் கேட்டதும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். எங்கள் மூலனூர்ப் பக்கம் கண்வலிக்கிழங்கு வெள்ளாமை செய்கிறவர்களுக்கு அது பழகிய பெயர், வியாபாரி வந்து விதை வாங்குவதே அதற்காகத்தான்.

கண்வலி என்பது செங்காந்தள், நம் மாநிலப் பூ. கிழங்கு கலப்பை மாதிரி இரண்டாகப் பிரிந்திருப்பதால் கலப்பைக்கிழங்கு என்றும் சொல்வார்கள். ஆடி, ஆவணியில் நட்டு, கம்பியில் கொடியேற்றி, பூத்ததும் காலையில் ஒவ்வொரு பூவுக்கும் கையாலேயே மகரந்தம் தொட்டுவைத்து, ஆறு மாதம் பாடுபட வேண்டும். கிழங்கு, விதை இரண்டிலும் கோல்ச்சிசின் உண்டு. வீங்கிய மூட்டில் வெள்ளை அணுக்கள் போய்க் குவிவதை அது தடுக்கிறது, வீக்கம் வடிகிறது. 2023இல் அமெரிக்காவில் இதய நோயாளிகளுக்கும் தினம் 0.5 மில்லிகிராம் கொடுக்க அனுமதித்தார்கள். நம்ம மண்ணில் விளைகிற கிழங்குக்கு இவ்வளவு குணம் இருப்பதில் எனக்குப் பெருமைதான்.

ஆனால் அப்பாவைப் பார்க்க வந்த பக்கத்துத் தோட்டத்து அக்கா, "ஏனுங்ணா, காட்டுலயே கிழங்கு கிடக்குதே, அரைச்சுக் குடிச்சா ஆகாதுங்களா?" என்று கேட்டபோது பதறிவிட்டேன்.

ஆகவே ஆகாது. மாத்திரையில் அளவு எண்ணிப் போட்டிருக்கிறது, கிழங்கில் எவ்வளவு இருக்கிறது என்று யாராலும் பார்த்துச் சொல்ல முடியாது. அளவு மீறினால் முதலில் வாந்தி, பேதி, அப்புறம் ரத்த அணுக்கள் குறைந்து, பிழைத்தாலும் முடி கொத்தாகக் கொட்டும், சிலர் பிழைப்பதே இல்லை. இதற்கென்று தனி முறிமருந்தும் கிடையாது. வள்ளிக்கிழங்கு என்று நினைத்து வேகவைத்துத் தின்று செத்தவர்கள் இருக்கிறார்கள், வேகவைத்தாலும் விஷம் போகாது. சித்த வைத்தியர்களே நஞ்சு போகச் சுத்தி செய்யாமல் இதை மருந்தில் சேர்ப்பதில்லை. மாத்திரையாகவே சாப்பிட்டாலும் சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களும், கிளாரித்ரோமைசின் என்கிற ஆன்டிபயாடிக் மாதிரி மருந்து எடுப்பவர்களும் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

அப்பாவுக்கு இரண்டு மூன்று நாளில் வீக்கம் வடிந்துவிட்டது. பங்குனியில் கிழங்கு தோண்டியபோது அந்த அக்கா வீட்டுக்குப் போனேன். சமையல்கட்டில் வள்ளிக்கிழங்குக் கூடைக்குப் பக்கத்திலேயே கண்வலி விதைக்கிழங்கு மூட்டை. இரண்டு பேருமாகத் தூக்கி மோட்டார் ரூமில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தோம்.