ஷொகுடோ நாட்குறிப்பு: டோக்கியோ, ஓட்டா வட்டாரம், 2025 அக்டோபர்

அக்டோபர் 6, திங்கள்

டோக்கியோவின் தெற்கு ஓரத்தில் இருக்கிறது ஓட்டா. கடைசல் பட்டறைகளும் சின்னச் சின்ன உதிரிபாகத் தொழிற்கூடங்களும் நெருக்கியடிக்கும் பகுதி. அந்த ஆட்களின் மதியப் பசிக்கு இருப்பவைதான் ஷொகுடோக்கள். நம் ஊர் மெஸ் போன்றவை. சுஷி மட்டும், ராமென் மட்டும் என்று இல்லாமல் சோறு, மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) சூப், ஒரு கறி அல்லது மீன், ஊறுகாய் என முழுச் சாப்பாட்டைத் தட்டத்தில் வைத்துத் தருவார்கள். அந்தத் தட்டச் சாப்பாட்டுக்குப் பெயர் தெய்ஷோகு.

வாசலில் நோரென் என்ற துணி தொங்கினால் கடை நடக்கிறது. துணியை உள்ளே எடுத்துவிட்டார்கள் என்றால், விளக்கு எரிந்தாலும் நுழையக் கூடாது. மதியச் சாப்பாடு பெரும்பாலும் 11 அல்லது 11:30க்குத் தொடங்கி 2 மணிக்கு முடிந்துவிடும். 12 அடித்ததும் பட்டறை ஆட்கள் மொத்தமாக வருவார்கள். அந்த நேரத்தில் முன்பின் தெரியாதவரோடு ஒரே மேசையில் உட்கார வைப்பது சகஜம், அதற்கு ஐசெகி என்று பெயர். 11:40க்குப் போவது நல்லது. 1:30க்கு மேல் போனால் ஹிகாவாரி, அதாவது அன்றைக்கென்று போடும் மலிவான சாப்பாடு, தீர்ந்திருக்கும்.

சாப்பாட்டுச் சீட்டு தரும் எந்திரம் உள்ள கடையில் முதலில் பணம், பிறகு பொத்தான். பழைய எந்திரங்கள் பல 1000 யென் தாளை மட்டுமே வாங்கும். 2024 ஜூலை 3-இல் வெளிவந்த புதுத் தாளையும் 2021-இல் வந்த புது 500 யென் நாணயத்தையும் திருப்பித் துப்பிவிடும் எந்திரங்கள் இன்னும் இருக்கின்றன. பையில் பத்து 100 யென் நாணயங்கள் இருந்தால் எந்தக் கடையிலும் சிக்கலில்லை.

அக்டோபர் 8, புதன்

தட்டத்தில் இடப்பக்கம் சோறு, வலப்பக்கம் சூப், அவற்றுக்குப் பின்னால் கறி அல்லது மீன். ஓரத்தில் கொபாச்சி என்ற சிறு கிண்ணத்தில் ஹிஜிகி கடற்பாசியோ உருளைக்கிழங்கு சாலடோ இருக்கும். அதிகம் கையில் ஏந்துவது சோற்றுக் கிண்ணத்தைத்தான். வலக்கையில் குச்சி இருப்பதால் சோறு இடப்பக்கம் இருப்பதே வசதி.

இந்தச் சாப்பாட்டில் தலைவன் சோறுதான். மற்றதெல்லாம் அதை உள்ளே தள்ள வந்த துணை. வெறும் கறியைத் தின்றுவிட்டு 'உப்புக் கரிக்கிறது' என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்கவில்லை. சோற்றோடு சேரும்போது சரியாக இருக்கும்படிதான் உப்புப் போடுகிறார்கள். ஒரு வாய் கறி, இரண்டு வாய் சோறு, இடையில் ஒரு மிடறு சூப். ஊறுகாயைக் கடைசி வரை விட்டுவைக்க வேண்டும். கறி தீர்ந்த பிறகு மிஞ்சும் சோற்றை அதுதான் காப்பாற்றும். சூப்பைச் சோற்றில் ஊற்றிப் பிசைவது இங்கே வழக்கமில்லை. குட்டையான ஒட்டும் அரிசி, பிசைந்தால் களியாகிவிடும்.

சாதாரண அளவு வெந்த சோறு சுமார் 200 கிராம், ஓமோரி, அதாவது பெரிய அளவு, என்றால் 300 பக்கம் வரும். 150 கிராம் அரிசி வெந்தால் 330 கிராம் சோறு ஆகும், அதை வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். குறைவாக வேண்டுமென்றால் சொல்லும்போதே 'கோஹான் சுகுனாமே' என்று சொல்லிவிட வேண்டும். மீதி வைப்பதுதான் சமையற்காரருக்கு மனக்கஷ்டம். சோற்றில் குச்சியை நட்டு வைக்கவே கூடாது. அது இறந்தவருக்குப் படைக்கும் முறை.

அக்டோபர் 10, வெள்ளி

ஒரு ஷொகுடோவின் கைப்பக்குவத்தை அறிய ஷோகாயாகி ஒன்று போதும். இஞ்சி போட்டு வாட்டிய பன்றியிறைச்சி. இங்கே 850 யென்.

இரண்டு பேருக்கான வழக்கமான அளவு: மெல்லிய துண்டுகளாக 250 கிராம் இறைச்சி, சோயா சாஸ், மிரின் (இனிப்பான அரிசி மது), சாக்கே (அரிசி மது) ஒவ்வொன்றும் 2 மேசைக்கரண்டி, கட்டைவிரல் அளவு இஞ்சித் துருவல். கொழுப்பும் சதையும் சேரும் கோட்டில் ஒரு வெள்ளை நார் ஓடும். அதைக் கத்தி நுனியால் நான்கைந்து இடத்தில் வெட்டிவிட வேண்டும். விட்டால் சூட்டில் நார் சுருங்கி, துண்டு கிண்ணம்போல வளைந்துகொள்ளும். நடுப்பகுதி சட்டியைத் தொடாது, ஓரம் மட்டும் கருகும்.

அடுத்த தவறு ஊறவைப்பது. சோயாவில் அரைமணி நேரம் கிடந்தால் இறைச்சியின் நீரை உப்பு இழுத்துவிடும், இறைச்சி தோல்போல இறுகும். தேர்ந்தவர்கள் வெறும் இறைச்சியை முதலில் சிவக்க வாட்டி, சட்டியில் தேங்கிய கொழுப்பைத் துடைத்து, கடைசி ஒரு நிமிடத்தில் சாற்றை ஊற்றுகிறார்கள். மிரினில் சர்க்கரை இருப்பதால் முன்னாலேயே ஊற்றினால் கருகிக் கசக்கும். இஞ்சியின் வாசனையும் கடைசியில் சேர்த்தால்தான் நிற்கும்.

தட்டில் பக்கத்தில் இருக்கும் முட்டைகோஸ் அலங்காரம் இல்லை. தலைமுடிபோல நறுக்கி, குளிர்ந்த நீரில் போட்டு, ஈரம் ஒட்ட வடித்திருப்பார்கள். இறைச்சிச் சாறு அதன் அடியில் இறங்கி ஊறிய பிறகு, அந்தக் கோஸை ஒரு துண்டு இறைச்சியில் சுருட்டிச் சோற்றின் மேல் வைத்துச் சாப்பிட வேண்டும். கோஸிலிருந்து தண்ணீர் வடிந்து சாறு வெளுத்திருந்தால் அந்தக் கடை அவசரப்படுகிறது என்று அர்த்தம்.

அக்டோபர் 13, திங்கள்

விளையாட்டு தின விடுமுறை. பட்டறைகள் மூடியதால் ஷொகுடோக்களும் மூடல். தொழிற்பேட்டைக் கடைகள் ஞாயிறும் அரசு விடுமுறையும் திறக்காது. இப்படிப்பட்ட நாளில் ரயில் நிலையத்தருகே உள்ள யாயோய்கென், ஓடோயா, மட்சுயா போன்ற சங்கிலி உணவகக் கிளைகள்தான் கைகொடுக்கும்.

அக்டோபர் 15, புதன்

சைவர்கள் கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி இது. மிசோ சூப்பின் அடித்தளம் தாஷி என்ற சாறு. ஒரு லிட்டர் தண்ணீரில் 10 கிராம் கொம்பு என்ற கடற்பாசியை அரைமணி ஊறவைத்துச் சூடாக்கி, கொதி வருமுன் பாசியை எடுத்துவிட்டு, 20 முதல் 30 கிராம் கத்ஸுவோபுஷி போட்டு வடிப்பார்கள். கத்ஸுவோபுஷி என்பது புகையூட்டிக் காயவைத்த சூரை வகை மீனின் சீவல். நம் மாசிக்கருவாட்டுக்கு நெருங்கிய உறவு. மலிவான கடைகளில் இதற்குப் பதில் நிபோஷி என்ற சிறு கருவாடு. அதன் தலையையும் குடலையும் கிள்ளாமல் போட்டால் சூப் கசக்கும். மிசோவை அடுப்பை அணைத்த பிறகே கரைக்க வேண்டும், கொதித்தால் மணம் போய்விடும். 1:30க்குக் கிடைக்கும் சூப் 11:40க்குக் கிடைப்பதைவிடக் கரிப்பதற்குக் காரணம், இரண்டு மணி நேரமாகச் சட்டி சூட்டிலேயே இருந்து வற்றியதுதான்.

ஆக, சூப் சைவமில்லை. காய்கறி வதக்கலில் பன்றியிறைச்சி இருக்கும், கொரொக்கே என்ற உருளைக்கிழங்கு கட்லெட்டில் கொத்துக்கறி இருக்கும், உருளைக்கிழங்கு சாலடில் ஹாம் இருக்கும். ஹிஜிகி தாஷியில் வெந்தது. குளிர்ந்த டோஃபுவின் மேல் மீன் சீவல் தூவுவார்கள். 'கத்ஸுவோபுஷி நாஷி தெ' என்றால் தூவாமல் தருவார்கள். நட்டோவோடு (புளிக்கவைத்த சோயா பயறு) வரும் சிறு பொட்டலச் சாற்றிலும் மீன் சாறு கலப்பது வழக்கம், அதை ஒதுக்கிவிட்டு மேசையிலிருக்கும் சோயா சாஸை ஊற்றிக்கொள்ளலாம். சோறு, நட்டோ, டோஃபு. மனம் வருந்தினாலும் இதற்கு மேல் ஷொகுடோவில் சைவத்துக்கு வழியில்லை என்பதே உண்மை.

அக்டோபர் 18, சனி

சபா ஷியோயாகி, உப்பிட்டுச் சுட்ட கானாங்கெளுத்தி வகை. ஷொகுடோக்களில் கிடைப்பது பெரும்பாலும் நார்வேயிலிருந்து உறைய வைத்து வருவது. கொழுப்பு அதிகம், சுட்டாலும் உலராது. சுட 10 நிமிடத்துக்கு மேல் ஆகும், அவசரத்தில் இருப்பவர் இதைக் கேட்கக் கூடாது.

தோல் மேலே பார்க்க, அரை மீன் வரும். முன்னால் ஒரு குவியல் முள்ளங்கித் துருவல். சோயா சாஸை அந்தத் துருவலில்தான் இரண்டு சொட்டு விட வேண்டும். மீனில் ஏற்கெனவே உப்பு இருக்கிறது. நடுவே நீளவாக்கில் ஒரு கோடு தெரியும், குச்சி நுனியை அதில் இறக்கி இரண்டாகப் பிளக்க வேண்டும். முதுகுப் பக்கம் முள் குறைவு. இடப்பக்கத்திலிருந்து வாய்க்கு ஒன்றாக எடுத்துவரலாம். வயிற்றுப் பக்கத்தில் விலா முட்கள் படலமாக ஒட்டியிருக்கும், குச்சியைச் சாய்த்து நுழைத்தால் அப்படியே தூக்க வரும். முட்களைத் தட்டின் ஓரத்தில் ஒரே இடத்தில் சேர்க்க வேண்டும். தோலை விடாதீர்கள், மொறுமொறுப்பு அதில்தான்.

அக்டோபர் 21, செவ்வாய்

சுவரில் விலைச் சீட்டுகளின் மேல் புதுச் சீட்டு ஒட்டியிருக்கிறது. கடைகளில் 5 கிலோ அரிசியின் சராசரி விலை 2025 வசந்தத்தில் 4000 யென்னைத் தாண்டியது, முந்தைய ஆண்டைப்போல் இரு மடங்கு. அரசு சேமிப்பு அரிசியை வெளியே விட்டது. இலவசமாக மறுசோறு போட்ட கடைகள் சில, காசு கேட்கத் தொடங்கின. அதைக் கஞ்சத்தனம் என்று சொல்வது அநியாயம். சோறே தலைவனாக இருக்கும் கடையில் அரிசி ஏறினால் வேறெதைக் குறைப்பது? அரிசி விலையால் 1918-இல் தோயாமா கடற்கரையில் மீனவப் பெண்கள் தொடங்கிய கலகம் நாடெங்கும் பரவிய பிறகுதான், நகராட்சிகள் மலிவு விலைப் பொது உணவகங்களைப் பரவலாகத் திறந்தன.

சீட்டில் உள்ள விலைதான் கொடுக்க வேண்டிய விலை, 10 சதவீத வரி அதிலேயே அடக்கம். டிப்ஸ் கிடையாது. கிளம்பும்போது 'கோச்சிசோசாமா தெஷிதா' (சாப்பாட்டுக்கு நன்றி) என்றால் அடுப்படியிலிருந்து பதில் வரும்.

அக்டோபர் 24, வெள்ளி

'காகி ஃபுராய் தொடங்கியாயிற்று' என்று கையால் எழுதிய சீட்டு. சிப்பிப் பொரியல், ஐந்து துண்டு, 980 யென். மேசையில் இரண்டு குப்பிகள் ஒரே நிறத்தில் இருக்கும். சாய்த்துப் பார்த்தால் தண்ணீராக ஓடுவது சோயா, மெல்ல இறங்குவது பொரியலுக்கான சாஸ். தட்டில் எலுமிச்சைத் துண்டும் டார்டார் சாஸும் உண்டு. முதல் சிப்பியை முழுதாக வாயில் போடக் கூடாது. உள்ளே கொதிக்கும் சாறு இருக்கிறது. பாதி கடித்து, ஆவி போகவிட்டு, சோற்றை ஒரு வாய் எடுத்துக்கொண்டு மீதியைச் சாப்பிடலாம்.