கறிவேப்பிலைத் தொட்டியில் மூன்று புழு

செப்டம்பர் 8, ஞாயிறு

ரசம் தாளிக்கக் கறிவேப்பிலை பறிக்கப் போன அத்தை பால்கனியிலிருந்தே கூப்பிட்டார். "இங்க வந்து பாரேன், இலை மேல காக்கா எச்சம். ஆனா நகருது!"

பழுப்பும் வெள்ளையுமாக மூன்று புழுக்கள். சின்ன வயதில் இப்படி எச்சம் போலவே இருப்பதுதான் அவற்றுக்குப் பாதுகாப்பு. எச்சத்தைக் கொத்த எந்தக் குருவிக்கு மனம் வரும்? "கறிவேப்பிலை அழகி, வால் வைத்த கறுப்புப் பட்டாம்பூச்சி" என்று அப்போதே தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

அத்தைக்குப் பட்டாம்பூச்சி பொருட்டில்லை. இந்தச் செடி கும்பகோணத்திலிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் அவர் மடியிலேயே உட்கார்ந்து வந்தது. டில்லிக் குளிரில் டிசம்பரில் மொட்டையாகிவிடும். மறுபடி தளிர்க்க மார்ச் ஆகும். இங்கே காய்காரர் கொத்தமல்லியும் பச்சைமிளகாயும் கொசுறாகப் போடுவார், கறிவேப்பிலைக்கு மட்டும் காசு. ஆகவே ஒவ்வொரு ஈர்க்கும் கணக்கில் இருக்கிறது. கடைசியில் உடன்பாடு: கிழக்குப் பக்கக் கிளை புழுக்களுக்கு, மற்றது சமையலுக்கு.

செப்டம்பர் 14, சனி

பகலெல்லாம் மூட்டம். கீழே வேப்பமரத்தில் ஒரு சாம்பல் இருவாச்சி பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தது. வேறொன்றும் இல்லை.

செப்டம்பர் 17, செவ்வாய்

புழுக்கள் தோல் உரித்துப் பச்சையாகிவிட்டன. முன்பக்கம் கண் போல இரண்டு புள்ளிகள். பொய்க் கண்தான், நிஜத் தலை அதற்கும் கீழே குனிந்திருக்கிறது. துடைப்பக் குச்சியால் லேசாகத் தொட்டேன். தலைக்குப் பின்னாலிருந்து பிளந்த நாக்கு மாதிரி ஒரு கொம்பு வெளியே வந்தது, கூடவே புளித்த பழ வாடை. அத்தை மூக்கைப் பொத்திக்கொண்டு, "நல்லா வேணும் உனக்கு" என்றார்.

மத்தியானம் தையல்சிட்டு வந்தது. வாலைத் தூக்கிக்கொண்டு கம்பிமேல் இரண்டு தத்து, ஒரே கொத்து. பொய்க் கண்ணும் வாடையும் பலிக்கவில்லை. பத்து வருஷமாகப் பைனாகுலரோடு குருவி தேடி அலைகிறவள், முதல் முறையாக ஒரு குருவியைக் கை தட்டி விரட்டினேன். வெட்கமாகத்தான் இருந்தது.

செப்டம்பர் 22, ஞாயிறு

விடிகாலையில் நாவல் மரத்திலிருந்து "சிஸ்-லீ, சிஸ்-லீ". பச்சைக் கதிர்க்குருவி வந்துவிட்டது! கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தும் இலைகளுக்கு நடுவே ஒரு அசைவுதான் தெரிந்தது. இந்தக் கதிர்க்குருவிக் கூட்டத்தையே கண்ணால் பிரித்தறிவது எனக்குக் கைவரவில்லை. காதை நம்பித்தான் எழுதுகிறேன். வடக்கே இனப்பெருக்கம் முடித்துத் தெற்கே போகிற வழியில் இங்கே சில வாரம் தங்கும்.

வாசல் செம்பருத்தியில் ஊதாத் தேன்சிட்டு. ஆண்தான், ஆனால் பளபளப்பையெல்லாம் உதிர்த்துவிட்டு நெஞ்சு நடுவில் ஒரு கறுப்புக் கோடு மட்டும் மிச்சம். ஆபீஸ் விட்டு டையோடு வீடு திரும்புகிறவர் மாதிரி.

மீதி இரண்டு புழுவும் கூடாகிவிட்டன. ஒன்று தண்டில், பச்சை நிறம். இன்னொன்று துணி காயப்போடும் கம்பி ஓரத்தில், பழுப்பு. இடுப்பைச் சுற்றி ஒரு பட்டு நூல், அதில் சாய்ந்து நிற்கின்றன. கம்பியின் அந்த ஓரத்தில் துணி போடக் கூடாது என்று வீட்டில் உத்தரவு போட்டிருக்கிறேன்.

செப்டம்பர் 28, சனி

புரட்டாசிச் சனிக்கிழமை. பெருமாள் கோயிலிலிருந்து திரும்பும்போது ஆர்.கே.புரம் மைதானத்தில் தலைக்கு மேலே நூற்றுக்கணக்கில் தட்டான்கள், மஞ்சள் உடம்பு. "தட்டான் தாழப் பறந்தா மழை" என்றார் அத்தை. ஊரில் அது சரி. இங்கே இந்த நாளில் அவை கூடுவது மழைக்காலம் விடைபெறப் போகிறது என்பதற்கு.

இந்த வகைத் தட்டான்தான் இந்தியாவிலிருந்து கடல் தாண்டி ஆப்பிரிக்கா வரை போகிறது. மாலத்தீவில் வாழ்ந்த கடல் உயிரியல் ஆய்வாளர் சார்லஸ் ஆண்டர்சன், நன்னீரே அரிதான அந்தத் தீவுகளில் வருஷா வருஷம் அக்டோபரில் தட்டான் கூட்டம் எங்கிருந்து வருகிறது என்று குறித்துவைத்துத் தேடி, 2009-இல் எழுதினார். போய்வர 14,000 கிலோமீட்டருக்கும் மேல். ஒரே பூச்சி அல்ல, நாலு தலைமுறை சேர்ந்து முடிக்கிற பயணம். எங்கள் மைதானத்துத் தட்டான்களில் எத்தனை அதில் சேருமோ. சின்ன வயதில் இதன் வாலில் நூல் கட்டி விளையாடியிருக்கிறேன்.

அக்டோபர் 3, வியாழன்

கொலு முதல் நாள். படி அடுக்கிக்கொண்டிருந்தபோது மகள் ஓடி வந்தாள். பச்சைக் கூடு பிளந்து, சுருங்கிய சிறகோடு பட்டாம்பூச்சி தொங்கிக்கொண்டிருந்தது. பொம்மைகளைப் பாதியில் விட்டுவிட்டு எல்லோரும் பால்கனியில்தான். சிறகு விரிய விரிய என் முகம்தான் சுருங்கியது. வால் இல்லை! கறுப்பில் வெளிர்மஞ்சள் புள்ளிகள், பின்சிறகோரம் ஒரு சிவப்புப் பொட்டு. இது எலுமிச்சை அழகி. அதுவும் கறிவேப்பிலையில் வளரும் என்று தெரிந்தும் அவசரப்பட்டுவிட்டேன்.

"மூணு வாரமா வேற பேரைச் சொல்லிண்டிருந்தியே" என்றார் அத்தை. சுண்டலுக்குத் தாளிக்கிற வரை இதே பேச்சு.

அக்டோபர் 6, ஞாயிறு

ஈப்பிடிப்பான்! "ட்ர்ர்ர்" என்று குச்சி உரசுகிற சத்தம், வாலை வெடுக்கென்று தூக்கும்போது அடியில் இரண்டு பக்கமும் வெள்ளை. செம்மார்பு ஈப்பிடிப்பான் என்று பேர், வந்ததோ மங்கலான ஒன்று. வளர்ந்த ஆணுக்குத்தான் தொண்டை சிவக்கும். கிழக்கு ஐரோப்பாப் பக்கம் கோடையைக் கழித்துவிட்டு எங்கள் குடியிருப்பின் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கொசு பிடிக்கிறது. நல்ல காரியம், நிறையவே இருக்கிறது.

அக்டோபர் 13, ஞாயிறு

பழுப்புக் கூடு திறக்கவே இல்லை. இன்று உற்றுப் பார்த்தேன்: பக்கவாட்டில் குண்டூசித் தலையளவு ஓட்டை, உள்ளே காலி. புதுக் கூட்டுக்குள் முட்டையிடுகிற மிகச் சிறிய குளவி ஒன்று உண்டு. அதன் குஞ்சுகள் உள்ளிருந்தே தின்று வளர்ந்து வெளியேறியிருக்கின்றன. தையல்சிட்டை விரட்டினேன், இதைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

சாயங்காலம் அத்தை ஓர் ஈர்க்கைப் பறித்து, ஒவ்வோர் இலையாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றை என்னிடம் நீட்டி, "இது முட்டையா, அழுக்கா?" என்றார். கண்ணாடி உள்ளே இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று அதைத் தொட்டி மண்ணில் செருகிவைத்தோம்.