இரண்டும் ஒன்றாகத்தான் போகும்

என் அக்காவுக்குப் பக்கவாதம் வந்து, எந்நேரமும் ஆள் பார்த்துக்கொள்ளும் ஒரு இல்லத்துக்கு மாறவேண்டியிருந்தது. அங்கே விலங்குகளுக்கு அனுமதி இல்லை. வீட்டைக் காலி செய்யும்போது அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "முகிலையும் தூறலையும் பிரிச்சிடாத."

இரண்டும் கூடப்பிறந்த பெர்சியன் பூனைகள். முகில் ஆண், தூறல் பெண். ஆறு வயதாகியும் வீட்டு வாசலைத் தாண்டாதவை. நானே வைத்துக்கொள்ள ஆசைதான், ஆனால் எனக்கு ஆஸ்துமா. பூனை முடிதான் ஒவ்வாமையைத் தருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பூனையின் எச்சிலிலும் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளிலும் இருக்கும் ஃபெல் டி 1 என்ற புரதம்தான் முக்கியக் காரணம். பூனை தன்னை நக்கிக்கொள்ளும்போது அது முடியில் படிந்து, காய்ந்து, தூசோடு காற்றில் மிதக்கிறது. மொட்டை அடித்தாலும் தீராது. ஒரு அறையை அவற்றுக்கு ஒதுக்கி, கதவை மூடிவைத்து, தற்காலிகமாகச் சமாளிக்கத்தான் முடிந்தது.

முதலில் கால்நடை மருத்துவரிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி எனக்குப் புதிது: "இது நிஜமாவே ஜோடியா, இல்ல ஒரே வீட்ல இருக்கற ரெண்டு பூனையா?" ஒரே வீட்டில் வளர்ந்தாலே இணைபிரியாதவை என்று அர்த்தமில்லையாம். சில பூனைகள் ஒன்றையொன்று சகித்துக்கொண்டு மட்டும் வாழும். தனித்தனி வீட்டுக்குப் போனால் அவற்றுக்கு நிம்மதிகூட. என்ன பார்க்கவேண்டும் என்று சொல்லி அனுப்பினார். இடம் தாராளமாக இருந்தும் உடம்போடு உடம்பு ஒட்டித் தூங்குகின்றனவா, ஒன்றின் தலையையும் கழுத்தையும் மற்றது நக்கிவிடுகிறதா, எதிரெதிரே வரும்போது வாலைத் தூக்கிக்கொண்டு வந்து உரசுகின்றனவா, ஒன்று கண்ணில் படாவிட்டால் மற்றது தேடிக் கத்துகிறதா. இவை இரண்டிடமும் அத்தனையும் இருந்தது. பல் சுத்தம் செய்ய முகிலை மருத்துவமனையில் விட்டிருந்த நாள் முழுக்கத் தூறல் கதவடியிலேயே உட்கார்ந்திருந்தாள், தட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அவன் திரும்பி வந்ததும் அவனைப் பார்த்துச் சீறினாள்! மருத்துவமனை வாசனை ஒட்டிக்கொண்டு வரும் பூனையை மற்றது அடையாளம் காணாமல் சீறுவது சகஜம் என்றார் மருத்துவர். வாசனை கலையும்வரை தள்ளிவைத்து, அப்புறம் சேர்த்தால் சரியாகிவிடும். சரியானது. இதைப் பார்த்துவிட்டு, "ரெண்டுக்கும் ஆகாது" என்று முடிவுகட்டிப் பிரித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள்.

அடுத்து, அக்கா பூனை வாங்கிய ப்ரீடருக்கு, அதாவது இனப் பூனைகளை வளர்த்து விற்பவருக்கு, போன் செய்தேன். வம்சாவளிச் சான்றிதழோடு வரும் பூனை என்றால், வாங்கும்போது கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை எடுத்துப் படிப்பது முக்கியம். வைத்துக்கொள்ள முடியாமல் போனால் முதலில் ப்ரீடரிடம் சொல்லவேண்டும் என்ற நிபந்தனை பலவற்றில் இருக்கும். அவரால் திரும்ப எடுத்துக்கொள்ள முடியவில்லை, வேறு வீடு பார்க்கச் சம்மதித்தார். கூடவே இவற்றின் பெற்றோருக்குச் சிறுநீரக நீர்க்கட்டி நோய்க்கான மரபணுப் பரிசோதனை செய்த அறிக்கையையும் அனுப்பினார். பெர்சியன் இனத்தில் இது பரம்பரையாக வருவது. பெற்றோரில் ஒன்று அந்த மரபணுவைச் சுமந்தாலே ஒவ்வொரு குட்டிக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. பெற்றோர் இரண்டுக்கும் இல்லை என்றே அறிக்கை இருந்தாலும், இவற்றுக்கும் வயிற்றில் ஸ்கேன் எடுத்து, இரத்தப் பரிசோதனையும் செய்து வைத்துக்கொண்டேன். புதியவர்களிடம் எதையும் மறைக்காமல் காட்ட இது வேண்டும்.

அறிவிப்பு போட்டபின் நடந்ததுதான் கஷ்டமான பகுதி. நிறையப் பேர் கேட்டார்கள். கேட்டவர்களில் பெரும்பாலோர் ஒன்றைத்தான் கேட்டார்கள், அதுவும் தூறலை, அவள் படத்தில் அழகாக இருந்ததால். "ஆண் பூனைய வேற யாராவது எடுத்துப்பாங்க" என்று ஆறுதலும் சொன்னார்கள். ஒரு பெண்மணி தானும் தன் தங்கையும் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு, வாரக் கடைசியில் சந்திக்கவைப்பதாகச் சொன்னார். மனதோடு சொன்னார், சந்தேகமில்லை. ஆனால் பூனைக்கு வாரக் கடைசி தெரியாது. ஒவ்வொரு சந்திப்பும் ஒரு புது இடம், ஒரு புது வாசனை, மறுபடி ஒரு பிரிவு. முடியாது என்றேன்.

குட்டி போடவைக்கும் நோக்கத்தோடு வந்தவர்களும் உண்டு. இரண்டுக்கும் கருத்தடை ஆகிவிட்டது என்பதை அறிவிப்பின் முதல் வரிக்கு மாற்றியதும் அந்த அழைப்புகள் நின்றன. வம்சாவளிப் பூனையைக் கருத்தடை செய்யாமல் முகம் தெரியாதவர் கையில் கொடுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கேட்டவர்களிடம் "பூனை பிடிக்குமா" என்று நான் கேட்கவில்லை. பிடிக்காதவர் எதற்கு அழைக்கப்போகிறார்? தினமும் சீவிவிட யாருக்கு நேரம் இருக்கிறது, வாடகை வீடென்றால் உரிமையாளர் சம்மதம் எழுத்தில் இருக்கிறதா, இரண்டும் ஒரே சமயம் நோயில் விழுந்தால் செலவைத் தாங்க முடியுமா என்று கேட்டேன். பெர்சியன் முடி சில நாள் விட்டாலே சிக்கு விழுந்து தோலை இழுக்கும். தட்டை முகம் என்பதால் கண்ணீர் வழிந்துகொண்டே இருக்கும், துடைத்துவிடவேண்டும். வெக்கையும் தாங்காது. இதையெல்லாம் கேட்டுச் சிலர் பின்வாங்கினார்கள். அவர்கள்மேல் எனக்கு மரியாதைதான்.

கடைசியில் அமைந்தது நடுவயதுத் தம்பதி. முன்பு வளர்த்த பூனை முதுமையில் இறக்கும்வரை பார்த்துக்கொண்டவர்கள், அவர்கள் சம்மதத்தோடு அவர்களின் மருத்துவரிடமும் பேசினேன். வீட்டைப் பார்க்கப் போனபோது பால்கனிக்கு வலை இருந்தது. ஜன்னல் கொசுவலை மட்டும் லேசானது. வெளியுலகம் தெரியாத பூனை ஒரு பறவையைப் பார்த்துப் பாய்ந்தால் அது தாங்காது என்றதும், வலுவான வலை போட்டுவிட்டே தேதி குறித்தார்கள். கூடத்து ஜாடியில் லில்லிப் பூக்கள் இருந்தன. அதன் இதழ், இலை, மகரந்தம், ஜாடித் தண்ணீர்கூடப் பூனையின் சிறுநீரகத்தைச் செயலிழக்கவைத்துவிடும். சொன்ன அடுத்த நிமிடமே அந்த அம்மா எடுத்து வெளியே போட்டார். என் மனதில் அப்போதே முடிவாகிவிட்டது.

ஒப்படைக்கும்போது பழைய போர்வையைத் துவைக்காமல் கொடுத்தேன். அதே உணவு, கழிப்பதற்கு அதே மணல். இரண்டு பூனைக்கு மூன்று மணல் தட்டு வைக்கச் சொன்னேன். முதலில் ஒரே அறை. முழு வீட்டையும் திறந்துவிடவேண்டாம். ஒளிந்துகொண்டால் இழுத்து வெளியே எடுக்கவேண்டாம், ஆனால் சாப்பாட்டைக் கணக்கு வையுங்கள் என்றேன். பூனை இரண்டு மூன்று நாள் தொடர்ந்து சாப்பிடாவிட்டால் கல்லீரலில் கொழுப்பு தேங்கி உயிருக்கே ஆபத்தாகலாம், குண்டான பூனைக்கு இன்னும் அதிகம். முதல் நாள் தூறல் அலமாரிக்குப் பின்னாலேயே இருந்துவிட்டாள். இரவில் முகில் சாப்பிடும் சத்தம் கேட்டு மெல்ல வந்து அதே தட்டில் வாய் வைத்தாள் என்று காலையில் செய்தி வந்தது. இரண்டையும் சேர்த்து அனுப்பியதற்கு இதைவிட வேறு நியாயம் எனக்கு வேண்டியதில்லை.

காகித வேலையில் ஒன்றைச் சொல்லவேண்டும். பூனையின் தோலுக்கடியில் வைக்கும் அடையாள மைக்ரோசிப்பில் இருப்பது ஒரு எண் மட்டும்தான், பெரும்பாலும் 15 இலக்கம். உரிமையாளரின் பெயரும் தொலைபேசியும் பதிவேட்டில் இருக்கின்றன, அங்கே மாற்றாவிட்டால் தொலைந்த பூனைக்கான அழைப்பு பழைய எண்ணுக்கே வரும். அதை முதலில் மாற்றினோம். சி.எஃப்.ஏ., டிகா போன்ற, வம்சாவளிப் பூனைகளைப் பதிவு செய்யும் அமைப்புகளில் பதிவான பூனை என்றால் அங்கும் உரிமை மாற்றம் செய்யவேண்டும். எங்கள் ஒப்பந்தத்தில் நான் வற்புறுத்திச் சேர்த்த வரி ஒன்று உண்டு: எந்தக் காரணத்தால் வைத்துக்கொள்ள முடியாமல் போனாலும், இரண்டும் சேர்ந்தே என்னிடம் திரும்பவேண்டும். அவர்கள் தயங்காமல் கையெழுத்துப் போட்டார்கள். அதன் நகல் ஒன்றை அக்காவிடம் கொடுத்திருக்கிறேன்.